பல்பைப் பிடுங்கிய பிறகும் எரிந்தது

தாராபுரம் உடுமலை ரோட்டோரம் பழைய கார் விற்கும் என்னுடைய செட்டில், ஆனி மாதக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எலெக்ட்ரீசியன் நைனா முகமது ஒரு வெள்ளைக் காரின் மீட்டர் போர்டைத் திறந்து, எஞ்சின் லைட்டின் பல்பை மூக்குக் குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். பல்பு என் கையில் அணைந்து கிடந்தது. லைட்டு அது இருந்த இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.

"பாய், வேற பல்பைப் புடுங்கிட்டியா?"

"இருந்ததே அது ஒண்ணுதாண்ணே." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். "இது பல்புல எரியல. சும்மாவே எரியுது."

"சும்மா எரியறதுக்கு என்ன பண்ணுவ?"

"ஒயரை வெட்டிப் பாக்கறேன்."

ஒயரை வெட்டினான், எரிந்தது. பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தான், எரிந்தது. மீட்டர் போர்டு முழுவதையும் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். அப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த வெற்று ஓட்டையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, மூக்கு வைத்த அண்டா மாதிரியான அந்த எஞ்சின் உருவத்தில், பழுத்த பப்பாளி நிறத்தில், எதிலும் ஒட்டாமல் அது எரிந்தது. "செரி, எரியட்டும், டீ சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்று வாரமாக அந்த வண்டிக்குப் பார்க்காத வைத்தியமில்லை. ஸ்கேனர் போட்டபோது புகைக்குழாய் சென்சார் என்று காட்டியது, சென்சாரை மாற்றினோம், எரிந்தது. பெட்ரோல் மூடி சரியாக மூடாவிட்டாலும் எரியும் என்றார்கள், மூடியை மாற்றினோம், எரிந்தது. பிளக் மாற்றினோம், இக்னிஷன் காயில் மாற்றினோம், காற்று உள்ளே போகும் வாயைக் கழற்றிக் கரி போகக் கழுவினோம், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டி எல்லாவற்றையும் மறந்து தொலையட்டும் என்று ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்தோம், மறுநாள் சாவியைத் திருப்பினால் ஒன்றையும் மறக்காமல் எரிந்தது. கடைசியில் ஸ்கேனர் 'கோளாறு இல்லை' என்றது, லைட்டு 'இருக்கிறது' என்றது, இரண்டும் பஞ்சாயத்தில் எதிர்க் கட்சிக்காரர்கள் மாதிரி ஒரே நேரத்தில் பேசின.

பழைய வண்டித் தொழிலில் எஞ்சின் லைட்டுக்கு இரண்டு வைத்தியம் உண்டு. நோயைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது ஒன்று. பல்பைப் பிடுங்குவது இன்னொன்று. முதலாவதற்கு நாள் கணக்கு, இரண்டாவதற்கு ஒரு பீடி குடிக்கிற நேரம். பத்து வயதில் சங்ககிரியில் லாரி துடைக்கப் போய், ஸ்பேனரால் முதுகில் வாங்கி, சந்தையில் மாட்டுத் தரகனுக்கு எடுபிடியாக நின்று, கெட்ட சுழியை எப்படித் தேய்த்து மறைப்பது என்று பார்த்துப் பார்த்துப் படித்து வந்தவன் நான். எனக்கு இரண்டாவது வைத்தியம்தான் கைவந்தது. யாருக்கும் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் விலை இறங்கும். சத்தம் போட்டால் எதிராளி இறங்குவான். சென்னியப்பன் வாயைத் திறந்தால் கதவைச் சாத்திக்கொள் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவன் மூன்று வாரம் முதல் வைத்தியம் பார்த்தது கலாமணிக்காக.

கலாமணி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வரும் துணியை விளக்கடியில் விரித்து, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணாலேயே பிடித்து ஒதுக்குகிற வேலை. அவள் புருசன் குழந்தைவேலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் திருப்பூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டி வருவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது என்று வண்டி கேட்டு வந்தாள். வெள்ளைக் கார் அவளுக்குப் பிடித்தது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். லைட்டைப் பார்த்தாள். சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஏனுங்ணா, இது ஏன் எரியுது?"

"பழைய வண்டின்னா எரியும் அம்மிணி. அது சும்மா."

"காரணத்தைக் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, எடுத்துக்கறேன். காரணந் தெரியாத லைட்டுக்கு முன்னால என்ற ஊட்டுக்காரரை உக்கார வெக்க மாட்டேன்."

வேறு ஆளாக இருந்தால் மறுநாளே பல்பைப் பிடுங்கிவிட்டு, சரி பண்ணியாச்சு என்று சொல்லியிருப்பேன். கலாமணியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் அதை ஏற்கெனவே ஒருமுறை செய்திருந்தேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு நீலக் கார் வாங்கினாள். அந்த வண்டி நோய் பிடித்த வண்டி, எஞ்சின் லைட்டு விடாமல் எரிந்தது, அவள் பார்க்க வருவதற்கு முதல் நாள் நைனாவிடம் பிடுங்கச் சொன்னேன், பிடுங்கினான். நாலு மாசம் ஓடிய பிறகு, புருசனை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும்போது, திருப்பூர் வழியில் கொடுவாய்க்கு இந்தப் பக்கம் கொட்டுகிற மழையில் எஞ்சின் ஜாமாகி நின்றுவிட்டது. அன்றைய டயாலிசிஸ் தவறி, உடம்பில் நீர் ஏறி, ஒன்பது நாள் மூக்கில் குழாயோடு கிடந்து எழுந்தார் குழந்தைவேல். எழுந்தவருக்குப் பழைய நடை திரும்பவில்லை. அவள் என் செட்டுக்கு வந்து, ஏனுங்ணா இப்படி ஆச்சு என்று கேட்டாள். சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தாள். நான் நாலு பேர் முன்னால் கத்தினேன். "லைட்டு எரிஞ்சிருக்கும், நீ பாத்திருக்க மாட்ட! கண்ணை எங்க வெச்சுட்டு ஓட்டுன?"

"ஆமாங்க. எரிஞ்சிருக்கும். நாந்தான் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாள். துணியில் ஊசிமுனை ஓட்டை தப்பாத கண்ணுக்கு அந்த லைட்டு எப்படித் தப்பியது என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரிந்தாள். இப்போது மறுபடி என்னிடமே வந்ததற்கும் அதுதான் காரணம். "நீங்கதான் அன்னிக்கு மூஞ்சிக்கு நேரா உள்ளதச் சொன்னீங்க" என்றாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வைத்தியம் பார்த்தேன். மூன்றாவது வாரம் கோபம் வந்து, "புடுங்குடா பாய்" என்றேன். பிடுங்கிய பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம், மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். டீக்கடை மாஸ்டர் வந்து லைட்டில் விரலை வைத்துப் பார்த்து, சூடு இல்லை, இதில் பால் காயாது என்று சொல்லிவிட்டுப் போனார். மின்வாரிய லைன்மேன் எங்கள் கம்பத்திலிருந்து கொக்கி போட்டிருக்கிறீர்களா என்று வண்டியைச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போனார். பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரர்தான் சண்டைக்கு வந்தார்: "பேட்டரி இல்லாம எரியற லைட்டை ரோட்டைப் பாக்க நிறுத்துனா என்ற பொழப்பு என்னாவறது? உள்ள தள்ளி நிறுத்துங்க சென்னியண்ணா!" தள்ளி நிறுத்தினேன். நாலு நாளில் ஊர் பழகிவிட்டது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு, லைட்டு எரியுற செட்டுக்கு அடுத்த சந்து என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதுவரை எல்லோரும் லைட்டு என்றுதான் சொன்னோம். முதல் முதலாக அதை வெளக்கு என்று சொன்னது எதிர் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் மாராத்தாள். வெள்ளிக்கிழமை காலை செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கெரகமே! ஏனுங்ணா, வெளக்கு எரியற எடத்த இப்புடியா வெப்பாங்க? கரியும் கிரீசும்! வெள்ளிக்கிழமயும் அதுவுமா வெளக்க வேண்டாமா?"

"அது எஞ்சின் லைட்டு மாராத்தா."

"எதுவா இருந்தா என்னங்? எரியறது வெளக்குத்தான? வெளக்குன்னா வெளக்கோணும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் எரிகிற தீபமும் வெளக்குத்தான், புளி போட்டுத் தேய்ப்பதும் வெளக்குவதுதான். அவள் வீட்டுக்குப் போய்ப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து வந்தாள். டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குத்துவிளக்கின் அடித்தட்டைத் தேய்க்கிற மாதிரி, அந்த ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள், யாரிடமும் இல்லாமல், நேராக லைட்டைப் பார்த்து.

நேற்றைய பூவுக்குத் தண்ணீர் தெளித்து இன்றைய பூ என்று விற்பதைச் சொன்னாள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு குரல் இறங்கியது. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு முகூர்த்த நாளில் பூ தட்டுப்பாடாகிப் போக, முதல் நாள் சாவு வீட்டில் மிஞ்சிய சம்பங்கியை எடுத்துக் கல்யாணப் பெண்ணுக்கு மாலை கட்டிக் கொடுத்ததைச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அன்றிலிருந்து எந்த முகூர்த்தத்துக்கும் சம்பங்கி மட்டும் கட்டுவதில்லை என்றாள். லைட்டு ஒரு மூச்சு நேரம் மங்கி, மறுபடி எரிந்தது.

மாராத்தாள் இறங்கிவந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் முகம் இரண்டு சுற்று இளைத்த மாதிரி இருந்தது.

"இது வெளக்குன்னு நெனச்சு ஏறுனேனுங்ணா. அது அப்படி இல்ல. 'வெளக்கு, வெளக்கு'ன்னு நம்மளக் கேக்குது."

தீபம், தேய்ப்பது என்று இரண்டு மட்டுமே தெரிந்த ஊருக்கு அந்தச் சொல்லில் மூன்றாவதாக ஒன்று இருப்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோயிற்று. மறுநாள் வரிசை நின்றது. வரிசை என்றால் பேட்டரிக் கடையைத் தாண்டி, பஞ்சர் கடையைத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும். சட்டம் தானாக வந்தது: டிரைவர் சீட்டில்தான் உட்கார வேண்டும், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், வெளியே நிற்பவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், இறங்கி வருகிறவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்கக் கூடாது, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்கலாம். டவுன் பஸ் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து விளக்கிவிட்டுப் போனார், பஸ்ஸில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள், அவர்களில் ஏழெட்டுப் பேர் தாங்களும் இறங்கி வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாக ஏறி இறங்கி, "உனக்கு ஏன் அவ்வளவு நேரமாச்சு?" என்று வேப்பமரத்தடியில் சண்டை போட்டார்கள். வார்டு கவுன்சிலர் ஒருவர் வெள்ளை வேட்டி கசங்கக் கூடாது என்று பின் சீட்டில் உட்கார்ந்து, தான் வார்டுக்குச் செய்த நல்லதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். லைட்டு அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. முன்னால் வந்து உட்காருங்க என்று நைனா சொன்னதற்கு, அவசர வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

காருக்குள் சொல்லிப் பழகியவர்கள் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போய் அங்கேயும் சொல்ல ஆரம்பித்தார்கள். சில வீட்டில் அடி விழுந்தது. சில வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டீக்கடை மாஸ்டர் டீயைக் கொஞ்சம் திக்காகப் போட ஆரம்பித்ததை நானே குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எத்தனை பேர் விளக்கினாலும் லைட்டு ஒரு மூச்சு மங்கும், மறுபடி எரியும். அது கேட்கிற விளக்கம் அவர்களுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் அந்தச் சீட்டில் உட்காரவில்லை. வண்டியை நகர்த்த வேண்டி வந்தால், வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினேன். வரிசையில் நின்ற கிழவர்கள்கூடச் சிரித்தார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், வரிசை சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நைனா ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியை ஏற்றினான். அவன் உதடு அசைவதை நான் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, வந்து பாருங்க."

பார்த்தேன். லைட்டு பாதிதான் எரிந்தது. அண்டாவில் பாதித் தண்ணீர் நிற்கிற மாதிரி, கீழ்ப்பாதி மட்டும்.

"என்னடா பண்ணுன?"

"குறடு புடிச்ச கை என்னுது. அத வெளக்கிட்டேன். மீதி உங்களுது."

"எதுடா என்னுது? எவன்டா பல்பு புடுங்காதவன் இந்த ரோட்டுல? அவனவன் ஓடுன கிலோமீட்டரையே கொறச்சுத் திருப்பி வெக்கறான், நான் ஒரு பல்பப் புடுங்குனா கொலக் குத்தமா?" கையில் கிடைத்த ஸ்பேனரைத் தூக்கித் தகரத்தில் எறிந்தேன். "வெளிய போடா!"

"போறேண்ணே. நான் போயிருவேன். லைட்டு போகாது."

போய்விட்டான். அவன் போன பிறகுதான் செட்டு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. இருபத்திரண்டு வருசமாக அவன் ரேடியோ ஒன்று அங்கே பாடிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

மறுநாள் கலாமணி வந்தாள். முந்தின சனிக்கிழமை பஸ் படியில் குழந்தைவேல் வழுக்கி விழுந்துவிட்டார், இனிமேல் அவரைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், வாடகைக் காருக்கு வாரம் மூன்று தடவை அவளால் முடியாது, அடுத்த டயாலிசிஸ் நாளை காலை.

"காரணம் கண்டுபுடிச்சீங்களாண்ணா?"

"அம்மிணி, அந்தா நிக்குது பாரு சாம்பல் கலரு, நல்ல வண்டி. அத எடுத்துட்டுப் போ. ஒரு லைட்டும் எரியாது."

"எரியாத லைட்டை எப்புடிங்ணா நம்பறது? இதாவது எரியுது."

அப்படிச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். அவளுக்குத்தான் வண்டி வேண்டும், அவளே வரிசையில் நின்றாள். ஒரு மணி நேரம் நின்று அவள் முறை வந்து உள்ளே உட்கார்ந்தாள். ஒரு பக்கக் கண்ணாடி அந்த வண்டியில் கடைசி இரண்டு அங்குலம் ஏறாது. நான் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். நகர்ந்திருக்கலாம், நகரவில்லை.

"அன்னிக்கு லைட்டு எரிஞ்சுது. நாந்தான் பாக்கல" என்றாள்.

லைட்டு மங்கவில்லை. பாதியாய்க் கிடந்தது முழுதாக நிறைந்து, அவள் முகமெல்லாம் பப்பாளி நிறமாகிற அளவுக்கு எரிந்தது.

"நாந்தான் பாக்கலைங்க. மழை. வைப்பர் ஓடுச்சு. அவருக்கு மூச்சு வாங்குச்சு, அவரைப் பாத்தேன், மீட்டரைப் பாக்கல."

இன்னும் கூடியது. வரிசையில் முதுகு காட்டி நின்றவர்களுக்கு வெயில் நிழலோடு இரண்டாவதாக ஒரு நிழல் ரோட்டில் விழுந்தது, பட்டப்பகலில்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்த இத்தனை பேரில் அவள் ஒருத்தியைத்தான் அது ஏற்றுக்கொள்ளவில்லை. "உள்ளதத்தான் சொல்றேன். ஏன் எடுத்துக்க மாட்டேங்குதுங்ணா?"

கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்ற சட்டம் எனக்கு நினைவில்லை. லைட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னிக்கு லைட்டு எரியல அம்மிணி. எரியறதுக்கு அதுல பல்பே இல்ல. உனக்கு வண்டி காட்டறதுக்கு மொத நாளு நான் புடுங்கச் சொல்லிட்டேன்."

அவள் செக்கிங் பார்க்கிறவள். உடனே அழவில்லை, திட்டவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

"நான் வந்து கேட்டப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கத்துனீங்களா?"

"தெரிஞ்சதாலதான் கத்துனேன்."

பிறகு இரண்டு கையாலும் கண்ணை மூடி அழுத்தி, எடுத்து, எதிரே தகரத்தில் எழுதியிருந்ததை, செட்டு பேரை, போன் நம்பரை, அடியில் பெயிண்டர் பொடியாகப் போட்டிருந்த அவன் கையெழுத்தைக்கூட, மெல்லப் படித்தாள்.

"அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குதா?"

"இருக்குது."

"ரெண்டு வருசமா ஒவ்வொரு பீஸையும் ரெண்டு தடவை பாக்கறேனுங்க. சூப்பர்வைசரு திட்டாத நாளில்ல."

அவள் குரலில் கோபம் அப்போதுதான் வந்தது. வந்தபோது சத்தமாக வரவில்லை. எனக்குப் பழக்கமான கோபமாக இருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். இது எனக்குத் தெரியாத சரக்கு.

லைட்டு எப்போது அணைந்தது என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. பார்த்தபோது ஓட்டை வெறும் ஓட்டையாக இருந்தது.

"மொதல்ல இதுல ஒரு பல்பைப் போடுங்க" என்றாள். "நான் வண்டி வாங்கல. உங்க வண்டி, நீங்களே ஓட்டோணும். அவரக் கூட்டிட்டுப் போயி, நாலு மணி நேரம் இருந்து, கூட்டிட்டு வரோணும். வாரம் மூணு நாள்."

"ரெண்டு நாள் நான் வாரேன். மூணாவது நாளுக்கு ஆள் போடறேன்."

"மூணு."

"எத்தன மாசத்துக்கு?"

"அவரு இருக்கற வரைக்கும்."

அதற்கு மேல் பேரம் பேசத் தெரியவில்லை. சரி என்றேன்.

வரிசையில் மீதி நின்றவர்கள்தான் சண்டை பிடித்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் எப்படி அணைக்கலாம், காலையிலிருந்து வெயிலில் நிற்கிறோமே என்றார்கள். ஒருவர் பரவாயில்லை என்று சாம்பல் கலர் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் நைனா வீட்டுக்கு நடந்தே போனேன். வாசலில் நின்று, "பாய், பல்பு போடோணும், வா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், டூல்ஸ் பையை எடுத்தான். வெட்டிய ஒயரை ஒட்டினான், மீட்டர் போர்டைப் பூட்டினான். பேட்டரிக் கடைக்காரர் தானே வந்து பேட்டரியைத் தூக்கி வைத்து, இனிமேல் இது என் சரக்கில்தான் எரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கலாமணி வீட்டு முன்னால் நிறுத்தினேன். குழந்தைவேலைத் தாங்கிப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். கை சுள்ளி மாதிரி இருந்தது, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. அவள் பின்னால் ஏறினாள். சாவியைத் திருப்பினேன். எல்லா லைட்டும் எரிந்தன. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக எஞ்சின் லைட்டு மட்டும் எரிந்து நின்று, அதுவும் அணைந்தது. அவர் அதைக் கவனமாகப் பார்த்தார்.

ஊர் தாண்டிய பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"கலாமணி சொல்லிருச்சா?"

"அன்னிக்கே தெரியும். நான் இதே மாதிரி பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்தேன்? மூச்சு முட்டறப்ப எதையாவது ஒண்ணையே பாத்துட்டு இருந்தா கொஞ்சம் அடங்கும். வழி நெடுக அந்த மீட்டரைத்தான் பாத்துட்டு வந்தேன். ஒரு லைட்டும் எரியல. வண்டி நிக்கறப்பவும் எரியல. இவகிட்ட நூறு தடவ சொன்னேன். என்னத் தேத்தறதுக்குச் சொல்றீங்கன்னுட்டா."

எனக்குச் சுரீர் என்று வந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? என்ற சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்க வேண்டாமா?"

"கேட்டா நீங்க கத்துவீங்க" என்றார். "கத்தறதக் கேக்கறதுக்கு எனக்கு அப்பத் தெம்பில்லீங்க."

முன்னால் ஒரு டிராக்டர் ரோட்டை அடைத்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனது. மேலே ஏறி உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்தான், ஒதுங்குகிற உத்தேசம் இல்லை. என் கை ஹாரனுக்குப் போனது.

குழந்தைவேல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அடிக்காதீங்க. பின்னால பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். கலாமணி தலையைக் கதவில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசத்துல இவ வண்டியில கண்ண மூடி நான் பாக்கல. பஸ்ஸுலகூட டிரைவருக்குப் பொறத்தால நின்னுட்டு மீட்டரையே பாத்துட்டு வருவா."

கையை எடுத்துக்கொண்டேன். கொடுவாய் வரைக்கும் அந்த வைக்கோல் வண்டிக்குப் பின்னாலேயே, அது போன வேகத்தில் போனேன்.